குடல் செல்லின் ஏற்பியும் ஃபார்மலின் டப்பாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் செல்லில் உள்ள ஓர் ஏற்பியைக் குறிவைத்துப் பெருங்குடல் புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சி பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் செய்தி வந்தது. அது காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றி, "மலச்சிக்கல் மருந்து சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வராது" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி நிற்கிறது. செய்தியில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பிள்ளைகள் பரவிக் கிடக்கும் வட்டாரம் இது. ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொல்லும் பட்டியலில் கோடாலித் தைலத்துக்கு அடுத்த வரியில் இந்த மருந்தும் ஏறிவிட்டது. நோய்க்குறியியல் ஆய்வகத்திலும் மருந்தகத்திலும் வேலை பார்ப்பவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

ஏற்பி என்பது தன்மேல் வந்து ஒட்டும் பொருளின் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம். அந்த ஏற்பியின் பெயர் குவானிலைல் சைக்ளேஸ் சி. சுருக்கமாக ஜிசிசி என்போம். சிறுகுடல் தொடங்கி மலக்குடல் வரை உட்சுவரை மூடியிருக்கும் செல்களில், உணவும் மலமும் கடந்துபோகும் பக்கத்து விளிம்பில் இது இருக்கிறது. ரத்தக் குழாய்கள் ஓடும் பின்பக்கத்தில் கிடையாது. இந்த ஒருபக்க இருப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் சிகிச்சைகள் எல்லாம் இதை நம்பித்தான் வகுக்கப்பட்டவை.

குடல் தானே சுரக்கும் இரண்டு சிறு ஹார்மோன்கள் இந்த ஏற்பியில் வந்து ஒட்டுகின்றன: சிறுகுடலில் பெரும்பாலும் யூரோகுவானிலின், பெருங்குடலில் குவானிலின். ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருள் உண்டாகிறது. அதன் தூண்டலில் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாயில் திறக்கிறது. குளோரைடும் பைகார்பனேட்டும் குடலுக்குள் இறங்குகின்றன. சோடியத்தை உறிஞ்சுவது குறைகிறது. உப்பு போகிற பக்கம் தண்ணீரும் போகும். மலம் இளகும்.

ஒரு வகை ஈ.கோலை கிருமி இந்த ஹார்மோனின் வடிவத்திலேயே ஒரு நச்சைச் சுரக்கிறது. சூட்டைத் தாங்கும் நச்சு என்றே அதற்குப் பெயர். அது ஹார்மோனைவிட இறுக்கமாக ஏற்பியைப் பிடித்துக்கொள்வதால்தான் பயணத்தில் கண்ட இடத்தில் தண்ணீர் குடித்தவருக்கு வயிறு நீராகப் போகிறது. இந்த நச்சு எதில் ஒட்டுகிறது என்று தேடிப் போனவர்கள் 1990-ல் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஹார்மோன் பிறகுதான், 1992-ல், கிடைத்தது. நார்வேயில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 32 பேருக்குப் பிறந்ததிலிருந்து தீராத வயிற்றுப்போக்கு. இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறி, ஏற்பி அளவுக்கு மீறி வேலை செய்ததே காரணம் என்று 2012-ல் வெளியானது. நம் பக்கத்திலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சந்தியா விஸ்வேஸ்வரையாவின் குழு நெடுங்காலமாக இந்த ஏற்பியை ஆராய்ந்து வருகிறது. இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

சைக்ளிக் ஜிஎம்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுவது. அங்கே செல் பெருகும் வேகத்தை மட்டுப்படுத்துவதில் இதற்குப் பங்கு இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் பழுதாவது ஏபிசி என்ற மரபணு. அது பழுதானால் தொடர்விளைவாகக் குவானிலின் சுரப்பு அடங்கிவிடுகிறது. கட்டி உருவாவதற்கு முந்தைய கட்டத்திலேயே ஹார்மோன் காணாமல் போகிறது. ஏற்பியோ பெரும்பாலான கட்டிகளில் அப்படியே இருக்கிறது, கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பிறகும் கூட. பிலடெல்பியாவில் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் வால்ட்மன் குழு பல ஆண்டுகளாக இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹார்மோன் இல்லை, ஏற்பி இருக்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுத்தால் என்ன? வாட்ஸ்அப் வரிக்கு விதை இந்தக் கேள்விதான்.

லினாக்லோடைட் என்ற மருந்து அந்த ஈ.கோலை நச்சைப் பார்த்து வடிவமைக்கப்பட்ட 14 அமினோ அமிலத் துண்டு. நாட்பட்ட மலச்சிக்கலுக்கும், மலச்சிக்கலோடு வரும் குடல் எரிச்சல் நோய்க்கும் அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்றது. பிளகானடைட் 2017-ல் வந்தது. இரண்டும் ஜிசிசியைத் தூண்டுபவை. வால்ட்மன் குழுவினர் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 0.87 மில்லிகிராம் லினாக்லோடைடை ஏழு நாள் கொடுத்து, குடலிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்தார்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் 290 மைக்ரோகிராமைப் போல மூன்று மடங்கு அது. பெருங்குடல் செல்களில் சைக்ளிக் ஜிஎம்பி கூடியது, செல் பெருக்கம் குறைந்தது. 2017-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது அவ்வளவுதான்: மருந்து இடத்துக்குப் போய்ச் சேர்கிறது, அங்கே ஏதோ செய்கிறது. புற்றுநோய் குறைந்ததா என்பதை அறிய ஏழு நாள் போதாது. பல ஆயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

நடைமுறைச் சிக்கல் வேறு. இந்தப் புரதத் துண்டைக் குடலில் உள்ள நொதிகள் சிதைத்துவிடும். வழக்கமான அளவில் அதன் வேலை முக்கியமாகச் சிறுகுடலில் முடிகிறது. கட்டி வரும் பெருங்குடலுக்குச் சொற்பமே வந்து சேர்கிறது. அதற்காக அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்கு. வயதானவர் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிறு போனாலே சோடியமும் பொட்டாசியமும் இறங்கி மயங்கி விழுவார். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று மருந்தின் அட்டையிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை இருக்கிறது. வீட்டில் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் டப்பா இருந்தால் அதை இன்றே எடுத்து மேலே வையுங்கள். மருத்துவர் மலச்சிக்கலுக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன். புற்றுநோயைத் தடுக்க என்று யாரும் இன்று எழுதித்தரப் போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஈ.கோலை வயிற்றுப்போக்கு மிகுந்த நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய் குறைவு, அந்த நச்சே காப்பாக இருக்கலாம் என்று 2003-ல் அதே ஆய்வாளர்கள் ஓர் ஊகத்தை வைத்தார்கள். சுவையான ஊகம். ஆனால் நாட்டுக்கு நாடு உணவு, உடலுழைப்பு, ஆயுள், நோய்ப் பதிவேட்டின் தரம் எல்லாமே மாறும்போது இதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. ஊருணித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

சரி, உடம்புக்கு ஒன்றுமில்லாதவர் என்னதான் செய்வது? அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இருக்கின்றன, குடல் இல்லை. ஆகவே கேட்டுத்தான் பெற வேண்டும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இரண்டு வகை. பழைய குவாயாக் முறை எந்த ரத்தத்துக்கும் நிறம் மாறும். முந்தின நாள் ஆட்டு ரத்தப் பொரியலோ ஈரலோ சாப்பிட்டிருந்தால் அதற்கும் மாறும். செட்டிநாட்டில் இந்த முறை தோற்பதற்குச் சமையலறையே போதும். ஃபிட் என்ற புதிய முறை மனித ஹீமோகுளோபினை மட்டும் எதிர்ப்பொருளால் (குறிப்பிட்ட ஒன்றையே பிடிக்கும் புரதத்தால்) பிடிக்கிறது. உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. அதன் பலவீனம் வெப்பம்: மாதிரிக் குழாய் சூட்டில் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் "இல்லை" என்று விடை வரும். பங்குனி, சித்திரையில் குழாயை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துக் கடைவீதி சுற்றிவிட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது சோதனை செய்யாததற்குச் சமம். காலையில் எடுத்து உடனே கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில், உறைநிலைக்குப் போகாத தட்டில் வையுங்கள். குடும்பத்தில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஃபிட் போதாது. 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை. மலத்தில் ரத்தம் கண்ணுக்கே தெரிகிறதென்றால் ஃபிட்டும் வேண்டாம், பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பௌத்திரம், ஒரே ஊசியில்" என்று எழுதியிருப்பவரும் வேண்டாம். மூலம் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. காரம் தின்றதால் வந்த சூடு என்று ஆறு மாதம் வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு வருபவர்கள் பலர்.

இனி இரண்டாவது வழி. ஏற்பியைத் தூண்டாமல், அதை அடையாளமாக மட்டும் வைத்துப் புற்றுச் செல்லை அழிப்பது. உண்மையில் மருந்து நிறுவனங்கள் பணம் போட்டிருப்பது இங்கேதான். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஒருபக்க இருப்பு இங்கே வேலைக்கு வருகிறது. நல்ல குடலில் ஏற்பி உள்விளிம்பில் இருப்பதால், செல்களுக்கு நடுவே உள்ள இறுக்கமான பூட்டுகளைத் தாண்டி ரத்தத்திலிருந்து வரும் எதிர்ப்பொருள் அங்கே எளிதில் போய்ச் சேராது. கல்லீரலில் போய் வளர்ந்த கட்டியில் செல்களுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற ஒழுங்கு குலைந்திருக்கும். ஏற்பி ரத்தத்துக்கு நேரே திறந்து கிடக்கும். மருந்து கட்டியைத் தாக்கும், குடலை விட்டுவிடும் என்பது கணக்கு.

கணக்கு முழுதாகப் பலிக்கவில்லை. எதிர்ப்பொருளோடு எம்எம்ஏஇ என்ற செல்விஷத்தைக் கோத்த டிஏகே-264 என்ற மருந்தை, இதே ஏற்பி உள்ள இரைப்பை, கணையப் புற்றுநோய்களில் சோதித்தார்கள். மிகச் சிலருக்கே கட்டி சுருங்கியது, முயற்சி கைவிடப்பட்டது. ஏற்பியை ஒரு கையாலும் டி-செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லை மறுகையாலும் பிடிக்கும் இரட்டை எதிர்ப்பொருளும், நோயாளியின் டி-செல்லையே எடுத்து இந்த ஏற்பியைத் தேடும்படி மாற்றித் திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சையும் மனிதச் சோதனைக்கு வந்துள்ளன. கார்-டியில் சிலருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது நிஜம். கூடவே கடும் வயிற்றுப்போக்கும், நோயெதிர்ப்புச் செல்கள் ஒரேயடியாகப் பொங்குவதால் வரும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்தன. வயிற்றுப்போக்கு வந்ததே ஒரு சேதி: நல்ல குடலும் தப்பவில்லை, பூட்டு நினைத்த அளவுக்கு இறுக்கமில்லை. எங்கள் கருத்தில், இந்தத் துறையின் அடுத்த பத்தாண்டு இந்த ஒரு பக்கவிளைவை அடக்குவதில்தான் போகும்.

தடுப்பூசி வழியும் உண்டு. சளிக்காய்ச்சல் தரும் அடினோ வைரஸின் ஐந்தாம் வகையில் இந்த ஏற்பியின் மரபணுவை ஏற்றி, முதல், இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்த 10 பேருக்குப் போட்டார்கள், 2019-ல் வெளியானது. பாதுகாப்பாக இருந்தது, ஆனால் எல்லாருக்கும் பலன் தெரியவில்லை. அந்த வைரஸை முன்பே சந்தித்தவர்களின் உடம்பு ஊசியை வேலை செய்ய விடாமல் அடித்துவிட்டது. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்தவர்கள் என்பதால் நமக்கு இது சிறிய விஷயமில்லை. அதனால் வைரஸின் ஒரு பகுதியை மாற்றி அடுத்த வடிவம் செய்திருக்கிறார்கள்.

தங்கள் செய்தியில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த ஏற்பி மருந்துக்கு இலக்காகும் முன்பே துப்பு துலக்கும் கருவியாகப் பயன்பட்டது. நிணநீர் முடிச்சில் குடல் செல்லுக்கு வேலை இல்லை. அங்கே ஜிசிசியின் ஆர்என்ஏ (செல்லில் உண்டாகும் அதன் மரபணு நகல்) கிடைத்தால் புற்றுச் செல் வந்திருக்க வேண்டும். நுண்ணோக்கியில் முடிச்சுகள் சுத்தம் என்று சொல்லப்பட்ட 257 நோயாளிகளை இப்படிச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். ஆர்என்ஏ கிடைக்காத 32 பேரில் நோய் திரும்பியது 2 பேருக்கு. கிடைத்த 225 பேரில் 47 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு. இதைப் படித்து "எனக்கும் இந்தச் சோதனை செய்யுங்கள்" என்று கேட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 225 பேரிடம் கிடைத்தும் 178 பேருக்கு நோய் திரும்பவில்லை. ஆகவே இந்த விடையை மட்டும் வைத்து ஒருவருக்குக் கீமோ கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாது. வழக்கமான சிகிச்சையில் இது இன்னும் சேரவில்லை.

ஆனால் அந்த ஆய்விலிருந்து நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முடிச்சு கையில் கிடைத்தால்தானே சோதிக்க முடியும்? குடல் அறுவைக்குப் பின் நோய்க்குறியியல் அறிக்கையில் குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்பிய அளவு. ஐந்தைப் பார்த்து "ஐந்திலும் இல்லை" என்று எழுதினால் நோய் இரண்டாம் நிலை என்று முடிவாகி, தேவைப்படும் கீமோ கிடைக்காமல் போகலாம். ஐந்தே கிடைப்பதற்கு அறுவை மருத்துவரோ நோயாளியின் உடலமைப்போ காரணமாகலாம். நாங்கள் பார்க்கும் அளவில் அதற்கு நிகரான இன்னொரு காரணம் டப்பா.

எடுத்த குடல் துண்டு எங்கள் மேசைக்கு வரும் விதத்தைச் சொன்னால் புரியும். ஒரு சாண் நீளக் குடல், அறுக்காமல், உள்ளே மலத்தோடு, வாய் குறுகிய ஊறுகாய் ஜாடியில் திணிக்கப்பட்டு, மேலே ஒரு விரல்கடை ஃபார்மலின் (திசு கெடாமல் பதப்படுத்தும் திரவம்). மிருதுவாக உள்ளே போன துண்டு விறைத்த பின் வெளியே வராது. ஜாடியை உடைக்க வேண்டும். அதைவிட மோசம், ஃபார்மலின் தொட்ட வெளிப்புறம் மட்டும் பதப்பட்டு, நடுவே உட்சுவர் அழுகியிருக்கும். ஏற்பி இருப்பதே அந்த உட்சுவர்ச் செல்லில்தான். குடலில் முதலில் கெடுவதும் அதுதான். சில நேரம் சலைனில், அதாவது உப்புநீரில், போட்டு அனுப்புகிறார்கள். சலைன் எதையும் பதப்படுத்தாது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரப் பயணம், அங்கே வரவேற்பு மேசையில் ஒரு பொழுது, நடுவில் ஞாயிறு வந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. அறுவை அரங்கிலேயே குடலைக் கட்டி இல்லாத பக்கமாக நீளவாக்கில் திறந்து, மலத்தை மெல்ல அலசி, அகலவாய் டப்பாவில் போட வேண்டும். திசுவின் பருமனைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின். அது 10 சதவீத நடுநிலை ஃபார்மலினாக இருக்க வேண்டும்: கடையில் வரும் 37 முதல் 40 சதவீதக் கரைசல் 100 மி.லி., வடிநீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இரண்டு உப்பும் சேர்க்காமல் குழாய்த் தண்ணீரில் கலப்பது இங்கே சகஜம். அது நாள்பட அமிலமாகி, திசுவில் கறுப்புப் பொடியாகப் படியும். மரபணுச் சோதனைக்கு வேண்டிய டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும். டப்பா மேல், மூடியில் அல்ல, உடம்பில், பெயரும் எண்ணும், ஃபார்மலினில் போட்ட நேரமும். நேரம் எழுதுவதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். பயாப்ஸித் துணுக்குக்கு (சோதனைக்கென்று கிள்ளி எடுத்த சிறு திசுவுக்கு) ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் என்பது எதிர்ப்பொருள் சாயச் சோதனைக்கான, அதாவது திசுவில் ஒரு புரதம் இருக்கிறதா என்று நிறமேற்றிப் பார்ப்பதற்கான, பொதுவான எல்லை. பெரிய குடல் துண்டுக்கு ஒரு நாளாவது வேண்டும். பொங்கலுக்கு முன் எடுத்த பயாப்ஸி மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடிந்து வந்தால் சாயம் சரியாக ஏறாமல் போகலாம். ஏற்பி இருந்தும் இல்லை என்று தெரியலாம்.

சாயம் ஒழுங்காக ஏறிய ஸ்லைடில் இந்த ஏற்பியைப் பார்ப்பது தனி அனுபவம். நல்ல குடல் சுரப்பியில் உள்விளிம்பு ஓரமாக மட்டும், மை தீட்டியது போல், மெல்லிய பழுப்புக் கோடு. புற்றுச் சுரப்பியில் அந்தக் கோடு கலைந்து செல்லின் சுற்றெல்லைக்கும் உடலுக்கும் பரவியிருக்கும். மிகவும் உருக்குலைந்த கட்டிகளில் சில இடங்களில் இல்லாமலும் போகும். இந்த ஏற்பிக்கான மருந்துச் சோதனைகளில் நோயாளியைச் சேர்ப்பதா என்று முடிவுசெய்ய இந்தச் சாயத்தைத்தான் பார்க்கிறார்கள். அதாவது நாளைக்கு மருந்து வந்தாலும், அது யாருக்கு என்பதை இன்று டப்பாவில் போடும் திசு சொல்லும்.

நாளை வரும் மருந்துக்கு இன்றே எதற்கு அவசரம் என்று கேட்கலாம். இதே திசுவில் இன்றைக்கே சிகிச்சையை மாற்றும் சோதனைகள் இருக்கின்றன, அதனால்தான். எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களுக்குச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் நோயின் குணமே வேறு: நோயெதிர்ப்பு மருந்துகள் நன்றாக வேலை செய்யக்கூடும், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் லின்ச் என்ற பரம்பரைக் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டியும் வரலாம். இந்த வகை மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து மட்டுமே கொடுத்து, 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்ததாக நியூயார்க்கிலிருந்து 2022-ல் அறிக்கை வந்தது. நோய் பரவியவர்களுக்குக் கேஆர்ஏஎஸ், என்ஆர்ஏஎஸ், பிஆர்ஏஎஃப் மரபணுச் சோதனைகள். கேஆர்ஏஎஸ் மட்டுமே பத்தில் நான்கு பேருக்கு மாறியிருக்கும். அவர்களுக்கு விலையுயர்ந்த செடுக்சிமாப் ஊசி பொதுவாகப் பலன் தராது. சோதிக்காமல் போட்டால் நிலத்தை விற்ற பணம் போகும், பலன் இருக்காது.

நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கைத் தாளை லேமினேட் செய்து பத்திரப்படுத்துகிறீர்கள், பிளாக்கை விட்டுவிடுகிறீர்கள். பிளாக் என்பது திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்த, பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும் சிறு கட்டி. பிற்பாடு எந்த ஊரில் எந்தச் சோதனை செய்வதானாலும் அதிலிருந்துதான் சீவ வேண்டும். சீவிய ஸ்லைடை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதிலுள்ள புரதங்கள் மங்கும்; பிளாக்கில் பல ஆண்டு நிற்கும். எழுதிக் கொடுத்தால் ஆய்வகம் தரும். கட்டியின் பிளாக் ஒன்று, கட்டியில்லாத நல்ல குடலின் பிளாக் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும். மெழுகு உருகுவது 56 டிகிரி வாக்கில். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் முன்தட்டு அதைத் தாண்டும். வீட்டில் இரும்புப் பீரோவுக்குள், எறும்பு புகாத டப்பாவில் வைத்தால் போதும். அடுப்படி அலமாரியும் ஓட்டுக்குக் கீழே உள்ள பரணும் ஆகாது. சென்னைக்கோ வேலூருக்கோ எடுத்துப் போகும்போது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பேருந்து டிக்கியில் போடாதீர்கள். ஆய்வகத்தின் ஜன்னலிலேயே நின்று பிளாக்கின் ஓரத்தில் உள்ள எண்ணையும் அறிக்கையில் உள்ள எண்ணையும் ஒப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஏ1, ஏ2 என்று வால் எழுத்து வரும். அதில் எது கட்டி, எது நல்ல குடல் என்பதை அறிக்கையின் ஓரத்தில் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
நோய்க்குறியியல் ஆய்வக, மருந்தகப் பணியாளர் சிலர்,
காரைக்குடி.